ஐந்து வோல்ட்டுக்கும் 4.2 வோல்ட்டுக்கும் நடுவே

(புதுச்சேரியில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையேறியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்து, ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. இரண்டு தடவையும் ஊர் இருட்டில் கிடந்தது, இரண்டு தடவையும் வீட்டு அலமாரியிலிருந்து எமர்ஜென்சி லைட் இறங்கி வந்தது. ஆனால் இந்த இரண்டு புயல்களுக்கும் நடுவே அந்த விளக்கின் வயிறு மாறிவிட்டது. முன்பு அதற்குள் கனமான ஈய-அமில பேட்டரி இருந்தது. இன்று பெரும்பாலும் விரல் பருமனில் ஒரு லித்தியம்-அயனி செல். அதன் பக்கத்தில் நகத்தைவிடச் சிறிய கறுப்புச் சில்லு ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அந்தச் சில்லைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கும் மலிவுச் சரக்கு என்று அதற்குப் பொறியியல் படித்தவர்களிடையே ஒரு கெட்ட பெயர் உண்டு. அந்தக் குற்றச்சாட்டு பெரும்பகுதி தவறு என்பதும், உண்மையான குற்றம் வேறோர் இடத்தில், ஒரு சின்ன ரெசிஸ்டரின் மதிப்பில் ஒளிந்திருக்கிறது என்பதும் என் வாதம்.

பழைய பேட்டரியிலிருந்து தொடங்குவது நல்லது. ஈய-அமில பேட்டரியைக் கண்டுபிடித்தவர் கஸ்தோன் பிளாந்தே என்ற பிரெஞ்சுக்காரர், ஆண்டு 1859. புதுச்சேரி அப்போது அவர் நாட்டின் கொடியின் கீழ்தான் இருந்தது. அவருடைய பேட்டரியின் பெரிய நற்குணம் பொறுமை. நிரம்பிய பிறகும் மின்னோட்டத்தைச் செலுத்தினால் அது உள்ளே இருக்கும் தண்ணீரைப் பிரித்து வாயுவாக்கும், கொஞ்சம் வற்றும், கொஞ்சம் ஆயுள் குறையும், அவ்வளவுதான். இந்தப் பொறுமையை நம்பித்தான் மலிவு டார்ச்சுகளின் பின்புறம் இரண்டு முட்கள் நீட்டி, நேரே சுவர் பிளக்கில் செருகிவைக்கும் வழக்கம் வந்தது. உள்ளே டிரான்ஸ்பார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர், நான்கு டயோடுகள், இவற்றின் வழியே சிறு மின்னோட்டம் இரவு முழுக்கக் கசிந்துகொண்டே இருக்கும். எப்போது நிறுத்துவது என்ற கேள்வியே அந்தச் சுற்றில் இல்லை. பேட்டரி பொறுத்துக்கொண்டதால் கேட்க வேண்டிய தேவையும் எழவில்லை. (வீட்டு மின்சாரத்தோடு நேரடித் தொடர்பில் இருந்த அந்த டார்ச்சுகளைத் திறந்தபடி தொட்டவர்களின் கதி வேறு விஷயம்.)

லித்தியம்-அயனி செல்லுக்கு அந்தப் பொறுமை கிடையாது. அதன் வரலாற்றிலும் பிரான்சுக்கு ஒரு பங்கு உண்டு: லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் போய்த் தங்கித் திரும்பவும் வெளியே வர முடியும் என்று 1980 வாக்கில் கிரனோபிளில் காட்டியவர் ரஷீத் யசாமி. அந்தக் கிராஃபைட் எதிர்முனைக்கு எதிரே நிற்கும் நேர்முனைக்கு லித்தியம் கோபால்ட் ஆக்சைடைத் தந்தவர் ஜான் குடினஃப். அதே 1980, ஆக்ஸ்ஃபோர்டு. அகிரா யோஷினோ 1985-இல் அந்த ஆக்சைடைக் கரிமப் பொருளாலான எதிர்முனையோடு பொருத்தமாக இணைத்தார், 1991-இல் சோனி நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் வேதியியல் நோபல் குடினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் போனது. யசாமிக்கு அதில் இடம் கிடைக்காதது பலருக்கு இன்றும் உறுத்தல். நமக்கு இங்கே முக்கியம் அந்த ஆக்சைடின் இயல்பு. சார்ஜ் ஏற்றும்போது அதிலிருந்து லித்தியம் வெளியேறி கிராஃபைட்டுக்குப் போகிறது. செல் 4.2 வோல்ட்டைத் தொடும்போது ஏறத்தாழ பாதி லித்தியம் வெளியேறியிருக்கும். மீதிப் பாதிதான் அந்தப் படிகத்தின் அடுக்குகளைத் தாங்கி நிற்கிறது. அதையும் இழுத்தால் அடுக்கு குலைகிறது, ஆக்சிஜன் விடுபடப் பார்க்கிறது, மின்பகு திரவம் சிதையத் தொடங்குகிறது. மறுபக்கம், கிராஃபைட் ஏற்க முடிகிற வேகத்தைவிட வேகமாக லித்தியம் வந்து குவிந்தால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிகிறது. இந்த இரண்டு கேடுகளும் வெளியே தெரிவதில்லை. விளக்கு அன்றைக்கும் எரியும், அடுத்த மாதமும் எரியும்.

ஆகவே சார்ஜரிடம் இந்த செல் கேட்பது கண்டிப்பு. செல் 2.9 வோல்ட்டுக்குக் கீழே வறண்டு கிடந்தால், முழு ஓட்டத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் விட்டு மெல்ல எழுப்ப வேண்டும். எழுந்த பிறகு மாறாத மின்னோட்டத்தில் ஏற்ற வேண்டும். 4.2 வோல்ட் வந்ததும் இப்போது மின்னழுத்தத்தை மாறாமல் பிடித்துக்கொண்டு, மின்னோட்டத்தைத் தானாகத் தேய விட வேண்டும். அது பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்ததும் கதவை மூட வேண்டும். மூடிய பிறகு செல் 4.05 வோல்ட் அளவுக்கு இறங்கினால் மறுபடி திறக்கலாம். இந்த எண்களை நான் லீனியர் டெக்னாலஜி நிறுவனத்தின் எல்டிசி4054 என்ற சில்லின் தகவல் தாளிலிருந்து எடுத்தேன். பின்னால் சீனாவின் நான்ஜிங் நகரத்திலிருந்து வந்து உலகெங்கும் மலிவு விளக்குகளில் குடியேறிய டிபி4056-இலும் ஏறக்குறைய இதே எண்கள்தான். புதுச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கும் ரீசார்ஜ் விளக்கைத் திறந்து பார்த்தால் எட்டுக் கால்களோடு இந்த இரண்டாவது சில்லையோ அதன் பங்காளியையோ காண வாய்ப்பு அதிகம்.

இந்தக் கண்டிப்பை, லீனியர் வகை என்று அழைக்கப்படும் இந்தச் சில்லு நிறைவேற்றும் விதம் மிக நேரானது. மின்சாரம் வரும் பக்கம் 5 வோல்ட், செல் பக்கம் 3 முதல் 4.2 வோல்ட் வரை. இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு டிரான்சிஸ்டர், ஓட்டத்தை வேண்டிய அளவுக்கு மட்டும் விட்டுக்கொண்டு நிற்கிறது. வில்லியனூர்த் தேரோட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வடம் பிடிப்பவர்கள், பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் கவர்னரும் சேர்ந்து, ஒரே மூச்சாக இழுத்துக்கொண்டே இருப்பார்கள். தேர் எவ்வளவு வேகத்தில் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் ஆள். இழுப்பவர்களின் பலத்தில் தேருக்குத் தேவைப்படாத பங்கெல்லாம் அந்தக் கட்டையில் உராய்ந்து சூடாகிப் போகிறது. சில நேரம் புகைகூட வரும். அந்தப் புகையைக் காட்டி, கட்டை போடுவதை நிறுத்தச் சொல்பவர் யாரும் இல்லை.

டிரான்சிஸ்டருக்கு எவ்வளவு விடுவது என்று எப்படித் தெரியும்? அதன் பக்கத்திலேயே அதே வார்ப்பில், ஆனால் ஆயிரத்தில் ஒரு பங்கு பரப்பில், ஒரு குட்டி டிரான்சிஸ்டர் வைத்திருக்கிறார்கள். பெரியதில் 800 மில்லிஆம்பியர் ஓடினால் குட்டியில் 0.8 மில்லிஆம்பியர் ஓடும். இந்தக் குட்டி ஓட்டம் சில்லின் ஒரு கால் வழியாக வெளியே வந்து ஒரு ரெசிஸ்டருக்குள் பாய்கிறது. அங்கே 1 வோல்ட் உண்டாகும் வரை பெரிய டிரான்சிஸ்டரைத் திறப்பது சில்லின் வேலை. எனவே எல்டிசி4054-இல் ஆயிரத்தை ரெசிஸ்டரின் ஓம் மதிப்பால் வகுத்தால் சார்ஜ் ஓட்டம் ஆம்பியரில் கிடைத்துவிடும். மைக்ரோசிப் நிறுவனத்தின் எம்சிபி73831-க்கும் இதே வகுத்தல்தான். டிபி4056-இல் ஆயிரத்துக்குப் பதில் 1,200: ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓம் என்றால் 1 ஆம்பியர், 4 கிலோ ஓம் என்றால் 300 மில்லிஆம்பியர், 10 கிலோ ஓம் என்றால், தகவல் தாளின் அட்டவணைப்படி, சுமார் 130. விளக்கு தயாரிப்பவர் தன் செல்லுக்கு ஏற்றபடி எடுக்கக்கூடிய ஒரே முடிவு இந்த ரெசிஸ்டர்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவேன்.

மின்னழுத்தத்தைக் காப்பது இதைவிட நுட்பமான காரியம். 4.2 வோல்ட்டில் ஒரு சதவீதம் பிசகினால் 42 மில்லிவோல்ட். அதற்கு மேல் பிசக எல்டிசி4054-க்கு அனுமதி இல்லை. எம்சிபி73831 போன்றவை முக்கால் சதவீதத்துக்குள் நிற்பதாக உறுதி தருகின்றன. சிலிக்கானில் செய்த எந்தப் பொருளும் சூடேறினால் தன் குணத்தை மாற்றிக்கொள்ளும். ஒரு டிரான்சிஸ்டர் சந்தியின் மின்னழுத்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். கத்திரி வெயிலிலும் மார்கழிப் பனியிலும் ஒரே 4.2 வோல்ட்டை எப்படிக் காட்டுவது? 1970-களின் தொடக்கத்தில் ராபர்ட் விட்லர் நடைமுறைக்குக் கொண்டுவந்த உபாயம் இன்னும் கைகொடுக்கிறது. இரண்டு டிரான்சிஸ்டர்களை வெவ்வேறு ஓட்ட அடர்த்தியில் இயக்கினால், அவற்றின் சந்தி மின்னழுத்தங்களுக்கு இடையேயான வித்தியாசம் வெப்பத்தோடு ஏறும். ஏறும் இந்த வித்தியாசத்தைத் தக்கபடி பெருக்கி, இறங்கும் சந்தி மின்னழுத்தத்தோடு கூட்டினால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிட்டு, வெப்பத்துக்கு அசையாத சுமார் 1.2 வோல்ட் மிஞ்சும். அந்த அசையாப் புள்ளியோடு செல்லின் மின்னழுத்தத்தை, இரண்டு ரெசிஸ்டர்களால் குறைத்து, ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது சில்லு. சந்தையில் பேரம் பேசி வாங்கும் விளக்குக்குள் இவ்வளவு நேர்த்தி இருக்கிறது என்பதே எனக்கு வியப்பு.

இப்படி ஓட்டத்தைக் கவனிக்க ஒரு பெருக்கி, மின்னழுத்தத்தைக் கவனிக்க ஒன்று. மூன்றாவதாக ஒன்று சில்லின் சொந்த உடல் வெப்பத்தைக் கவனிக்கிறது. மூன்றும் ஒரே டிரான்சிஸ்டரின் ஒரே கதவில் கை வைத்திருக்கின்றன, யார் குறைவாக விடச் சொல்கிறாரோ அவர் சொல்தான் செல்லும். செல் காலியாக இருக்கும்போது ஓட்டக்காரர் ஆட்சி, 4.2 வோல்ட்டை நெருங்கும்போது அதிகாரம் சத்தமில்லாமல் மின்னழுத்தக்காரர் கைக்குப் போகிறது. சில்லு எல்டிசி4054-இல் 120 டிகிரியை எட்டினால் வெப்பக்காரர் குறுக்கிட்டு ஓட்டத்தைக் குறைக்கிறார், ஆனால் முழுதாக நிறுத்துவதில்லை. நிரல் ஏதும் இல்லை, கணிப்பொறி இல்லை, கடிகாரம்கூடப் பல மலிவுச் சில்லுகளில் இல்லை. இந்த எளிமைதான் அதன் மலிவுக்கும், ஓரளவு அதன் நம்பகத்துக்கும் காரணம்.

இனி முதல் குற்றச்சாட்டுக்கு வருவோம். 5 வோல்ட் எடுத்து 3.7 வோல்ட் செல்லுக்குக் கொடுத்தால் நூற்றுக்கு 26 பங்கு வெப்பமாகப் போகிறது. சுருளும் வேகமாகத் திறந்து மூடும் டிரான்சிஸ்டரும் கொண்ட ஸ்விட்சிங் சார்ஜர் 90 பங்குக்கு மேல் சேர்க்குமே என்கிறார்கள். சதவீதம் சரிதான், ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 2,000 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு செல்லை அடிமுதல் நுனிவரை நிரப்பும்போது, சராசரி 1.3 வோல்ட் வித்தியாசத்தில் வீணாவது 2.6 வாட்-மணி. தினமும் ஒரு தடவை, ஆண்டு முழுவதும் அப்படி நிரப்பினாலும் மொத்தம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு மின்விசிறி இரண்டு இரவுகளில் தின்றுவிடும் அளவு அது. அந்த ஒரு யூனிட்டை மிச்சம் பிடிக்கச் சுருள் ஒன்று, கூடுதல் கெபாசிட்டர்கள், வானொலியில் இரைச்சலாகக் கேட்கும் அலைகள், பழுது பார்ப்பதற்குக் கூடுதல் கண்ணிகள் என இத்தனையும் வேண்டும். கைபேசிக்கு அது நியாயம்: அங்கே ஓட்டம் மூன்று, நான்கு ஆம்பியர், வரும் மின்னழுத்தம் சில நேரம் 9 வோல்ட், லீனியர் முறையில் விட்டால் கைபேசி கையைச் சுட்டுவிடும். கைபேசி உலகம் லீனியரைக் கைவிட்டதைச் சான்றாகக் காட்டி விளக்கும் கைவிட வேண்டும் என்பது, லாரிக்கு ஏர் பிரேக் இருப்பதால் சைக்கிளுக்கும் வேண்டும் என்று கேட்பதற்குச் சமம்.

சூரியத் தகட்டின் சார்பாக இன்னொரு தடை எழும். ஆரோவில் பக்கம் இந்தக் கேள்வி நிச்சயம் வரும்: வெயிலிலிருந்து வரும் ஒவ்வொரு வாட்டும் விலைமதிப்பானது, அங்கே 26 பங்கை விடலாமா? கூரை அளவுத் தகடுகளுக்கு இந்த ஆட்சேபம் முழுக்கச் செல்லும். அங்கே லீனியர் சார்ஜரை யாரும் நினைக்கவும் கூடாது. உள்ளங்கை அளவுத் தகட்டில் கணக்கு மாறுகிறது. சிறு தகடு தன் உச்ச மின்னழுத்தம் வரை ஏறக்குறைய மாறாத ஓட்டத்தைத்தான் தருகிறது. நம் ஊர் வெயிலில் அது காயக் காய மின்னழுத்தம் இறங்குகிறது. சில்லு கேட்பதைவிடத் தகடு தருவது குறைவாக இருந்தால், வரும் மின்னழுத்தம் தானாகவே செல்லின் மின்னழுத்தத்தை ஒட்டி விழுந்துவிடும். அப்போது சில்லில் சூடாக வேண்டிய வித்தியாசமே சுருங்கிப் போகிறது. இழப்பு இருக்கிறது, ஆனால் தாளில் போட்ட கணக்கைவிடக் குறைவு. அந்த மிச்ச இழப்பைத் தகட்டைக் கொஞ்சம் பெரிதாக வாங்கி ஈடுகட்டுவது, புது வகைச் சில்லுக்குச் செலவழிப்பதைவிடப் பெரும்பாலும் மலிவு.

ஆக, வீணாகும் மின்சாரத்தை நான் பொருட்படுத்தவில்லை. அந்த வெப்பம் எந்த இடத்தில் உண்டாகிறது, அங்கே பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பதைத்தான் பொருட்படுத்துகிறேன். செல் 3 வோல்ட்டில் இருக்கும்போது 1 ஆம்பியர் செலுத்தினால் சில்லில் 2 வாட் வெப்பம், 3.7 வோல்ட்டில் 1.3 வாட். சிறிய போர்டில், தாமிரப் பரப்பு போதாத இடத்தில், ஒரு வாட்டுக்குச் சில்லின் உள்வெப்பம் 60 டிகிரி ஏறுவதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அறை வெப்பம் 35 டிகிரி. நம் ஊரில் இது கோடையின் மிதமான மதியம். தொடக்கத்தில் 2 வாட் என்றால் 155 டிகிரிக்குப் போக வேண்டும். வெப்பக்காரர் விடமாட்டார், 120 டிகிரி எல்லையுள்ள சில்லு ஓட்டத்தை 0.7 ஆம்பியருக்கு இறக்கிவிடும். பிறகு 3.7 வோல்ட் வந்ததும் 1 ஆம்பியர் ஓடும், சில்லு 113 டிகிரியில் கொதித்தபடி. அதே செல்லுக்கு 300 மில்லிஆம்பியர் மட்டும் விட்டிருந்தால் வெப்பம் 0.39 வாட், சில்லு 58 டிகிரியில் அமைதியாக இருந்திருக்கும். டிபி4056-இன் தகவல் தாளே இந்தச் சூட்டை உணர்ந்து, வரும் வழியில் 0.4 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு வெப்பத்தில் ஒரு பங்கை வெளியே கொண்டுபோகும்படி காட்டுகிறது. எத்தனை விளக்குகளில் அது இருக்கிறது என்பதைத் திறந்து பார்ப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

இங்கே ஓர் ஆட்சேபம் வரும், அது வலுவானதும்கூட. சில்லுக்குள்தான் வெப்பக் காவல் இருக்கிறதே, அது தன்னைத்தானே குறைத்துக்கொள்கிறதே, பிறகு என்ன கவலை? காவல் இருப்பது உண்மை. யாருக்குக் காவல் என்று பாருங்கள். 120 டிகிரி என்பது சில்லு தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. லித்தியம் செல்லைச் சார்ஜ் செய்ய வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை 45 டிகிரி. இரண்டுக்கும் இடையே 75 டிகிரி இடைவெளி. சில்லு தன்னைக் காப்பாற்றிக்கொண்டு 113 டிகிரியில் நிம்மதியாக இயங்கும் அதே நேரத்தில், காற்றோட்டமில்லாத பிளாஸ்டிக் பெட்டிக்குள், சில்லுக்கு ஓர் அங்குலம் தள்ளி ஒட்டிவைத்த செல், அந்தச் சூட்டில் பங்கு வாங்கிக்கொண்டிருக்கிறது. சூடான செல்லில் கிராஃபைட்டின் மேலுள்ள காப்புப் படலம் தடித்துக்கொண்டே போகும், அதற்காக லித்தியத்தைத் தின்னும், மின்பகு திரவத்தைத் தின்னும். முதல் ஆண்டில் எட்டு மணி நேரம் எரிந்த விளக்கு அடுத்த ஆண்டு அவ்வளவு நேரம் தாங்காததற்கு இது ஒரு முதன்மைக் காரணம். செல் மட்டமானது என்று பழி சொல்கிறோம்; சில நேரம் அது உண்மை, பல நேரம் செல்லை அவித்திருக்கிறோம்.

இதைத் தடுக்கச் சில்லை வடிவமைத்தவர்கள் வழி வைக்காமல் இல்லை. டிபி4056-இல் வெப்பத்தை அறிய ஒரு கால் தனியாகவே உண்டு. வெப்பத்துக்கேற்ப மதிப்பு மாறும் தெர்மிஸ்டர் ஒன்றைச் செல்லின் மேல் ஒட்டி அந்தக் காலில் இணைத்தால், அங்குள்ள மின்னழுத்தம் வரும் மின்னழுத்தத்தில் 45 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 80 சதவீதத்துக்கு மேலே போனாலோ சார்ஜ் நின்றுவிடும். செல்லுக்கு 45 டிகிரிக் காவலை இலவசமாகவே கொடுத்திருக்கிறார்கள். சந்தையில் மலிந்து கிடக்கும் நீல நிற ரெடிமேட் சார்ஜிங் போர்டுகளில் அந்தக் கால் நேராகப் பூமியோடு இணைக்கப்பட்டிருக்கிறது. பூமியோடு இணைத்தால் காவல் வேலை செய்யாது. அதே போர்டில் ஓட்டத்தைத் தீர்மானிக்கும் ரெசிஸ்டர் 1.2 கிலோ ஓம், அதாவது இருப்பதிலேயே அதிகமான 1 ஆம்பியர். 2,000 மில்லிஆம்பியர்-மணி செல்லுக்கு அது தாங்கும். சிறிய விளக்குகளிலும் கைவிசிறிகளிலும் போடும் 500 மில்லிஆம்பியர்-மணி தட்டைச் செல்லுக்கு அது இரண்டு மடங்கு. அங்கேதான் கிராஃபைட் வாங்க முடியாமல் லித்தியம் மேற்பரப்பில் படிகிறது. வேகமாக ஏறும் என்று விற்பதற்கு ஓர் எண் வேண்டும், அதற்காகவே போர்டு செய்பவர் உச்ச மதிப்பைச் சால்டர் செய்து அனுப்புகிறார், விளக்கு செய்பவர் அதை மாற்றாமல் பெட்டிக்குள் போட்டு மூடுகிறார். நான் சொன்ன குற்றம் இதுதான்.

செல்லில் தனியாகப் பாதுகாப்புச் சுற்று இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். பெரும்பாலும் டிடபிள்யூ01 என்ற சில்லும் இரட்டை டிரான்சிஸ்டரும் கொண்ட சிறு பட்டை அது. அது விழித்துக்கொள்ளும் அளவு 4.3 வோல்ட், கீழே 2.4 வோல்ட். சார்ஜர் செத்துப்போய்க் கதவு திறந்தே கிடந்தால் பெரிய விபத்தைத் தடுக்க அது வேண்டும், சந்தேகமில்லை. செல்லின் வெப்பம் அதற்குத் தெரியாது, ஓட்டம் செல்லுக்குப் பொருந்துகிறதா என்பதும் தெரியாது. இன்னொரு குழப்பமும் உண்டு, அதை வீட்டில் எல்லோரும் செய்கிறோம்: மின்சாரம் வந்ததும் விசிறியைச் சார்ஜில் போட்டுக்கொண்டே ஓடவிடுவது. விசிறி 300 மில்லிஆம்பியர் இழுக்கிறது என்றால், சில்லு காணும் ஓட்டம் ஒருபோதும் பத்தில் ஒரு பங்குக்கு, அதாவது 100-க்குக் கீழே போகாது. நிரம்பிவிட்டது என்று அதற்குத் தெரியவே தெரியாது. செல் மணிக்கணக்கில் 4.2 வோல்ட்டில், சூட்டில், நிறுத்திவைக்கப்படுகிறது. சார்ஜைக் காட்டும் குறி விளக்கில் சிவப்பு மறைந்து நீலமோ பச்சையோ வராமல் இருப்பதன் காரணம் பல நேரம் இதுதான்.

மெதுவாக ஏற்றினால் மக்களுக்குப் பிடிக்காது என்பது வியாபாரிகளின் பதில். புயல் காலத்தில் நாலு மணி நேரம் மின்சாரம் வந்தால் அதற்குள் நிரம்ப வேண்டாமா? இதை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் 1 ஆம்பியர் என்று எழுதியதில் முதல் கட்டத்தில் 0.7-தான் போகிறது என்று பார்த்தோம். கடைசிக் கட்டத்தில் மின்னழுத்தம் நிலைத்து ஓட்டம் தேயும் நேரத்தை எந்த ரெசிஸ்டரும் பெரிதாகக் குறைக்காது. 2 கிலோ ஓம் போட்டு சுமார் 580 மில்லிஆம்பியரில் ஏற்றினால் 2,000 மில்லிஆம்பியர்-மணி செல் நான்கு, நான்கரை மணி நேரத்தில் நிரம்பிவிடும். புயல் எச்சரிக்கை ஒரு மணி நேரத்தில் வருவதும் இல்லை. ஃபெஞ்சல் கடலிலேயே நாட்கணக்கில் நின்று, கரைக்கு வரவா வேண்டாமா என்று ஊரையே காக்கவைத்தது. விளக்கைத் தலைக்குமேல் அலமாரியில் முழுதாக நிரப்பி மாதக்கணக்கில் வைத்திருப்பதைவிட, முக்கால் அளவில் வைத்திருந்து எச்சரிக்கை வந்தபின் நிரப்புவது செல்லுக்கு நல்லது. முழுச் சார்ஜில் சூட்டில் இருப்பதுதான் அதற்கு மிகவும் பிடிக்காத நிலை.

இந்தச் சில்லுகள் இங்கே தயாராவதில்லை, நாம் பேசி என்ன பயன் என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. காரைக்குடியில் 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அழகப்பச் செட்டியார் தந்த 300 ஏக்கர் நிலத்திலும் 15 லட்சம் ரூபாயிலும் எழுந்தது. லித்தியம் செல்லைப் பற்றிய அறிவு நம் பக்கத்தில் இல்லாத சரக்கல்ல. இந்தியத் தரநிலை ஐஎஸ் 16046 சிறு லித்தியம் செல்களைச் சோதிக்கச் சொல்கிறது. 2022-இன் பேட்டரிக் கழிவு விதிகள் செத்த செல்லைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர் மீது வைக்கின்றன. பெட்டிக்குள் இருக்கும் ரெசிஸ்டர் அந்தச் செல்லுக்குப் பொருந்துகிறதா, வெப்பம் அறியும் கால் பூமியில் கிடக்கிறதா என்று கேட்கும் வரி ஒன்றை விளக்குகளுக்கான சோதனையில் சேர்ப்பது கஷ்டமான காரியமல்ல. தட்டாஞ்சாவடியிலோ சேதராப்பட்டிலோ விளக்கு ஒட்டுகிற ஒரு சிறு பட்டறைக்கு இந்த மாற்றத்துக்காகப் புது இயந்திரம் வேண்டாம். பத்துக் காசு, இருபது காசு விலைக்குள் அடங்கும் ரெசிஸ்டர் ஒன்று, ஓரிரு ரூபாய் தெர்மிஸ்டர் ஒன்று, போர்டில் ஒரு தடத்தைக் கீறிவிட்டு அதை இணைக்க இரண்டு நிமிடம். பழுது பார்க்கும் கடைக்காரர் செல்லை மாற்றும்போதே இதையும் செய்துவிடலாம்: 500 மில்லிஆம்பியர்-மணி செல் என்றால் 4 அல்லது 5 கிலோ ஓம், 2,000-க்கு 2 கிலோ ஓம், செல்லைச் சில்லுக்கு எதிர்மூலையில் ஒட்டுதல், பெட்டியில் சில்லுக்கு மேலே இரண்டு துளை. கடல் காற்றின் உப்பு அந்தத் துளை வழியே போர்டை அரிக்கும் என்று ஒரு கடைக்காரர் ஆட்சேபித்தால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அப்படியானால் துளையை விட்டுவிட்டு ரெசிஸ்டரை மட்டுமாவது மாற்றட்டும்.